சீனிப்பாகா, வெக்ஸா? கிளியோபாட்ரா இல்லாத ஒரு வரலாறு

 

கொஞ்சம் நீளமான பதிவு. பெண்களின் விடயம் என்று ஆண்கள் தாண்டிப் போய்விட வேண்டாம். மகள்மார் இருக்கிற வாப்பாமார், அப்பாமார் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் என் வகுப்புப் பிள்ளை ஒருவர் நாலு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை துணி சுற்றியிருந்தது. எண்ணெய் பட்டது என்று சொன்னார். பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் உண்மை வந்தது. கையில் முடி அதிகம் என்று பெடியன்கள் பட்டம் வைத்திருக்கிறார்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அரைக்கைச் சட்டை போட வேண்டும். யாரோ வாங்கி வைத்திருந்த வெக்ஸ் டின்னைக் காஸ் அடுப்பில் அப்படியே வைத்துச் சூடாக்கி, ஆறுகிறதா என்று பாராமல் கையில் தடவியிருக்கிறார். பிள்ளையின் தாயிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். யார் என்று தேடாதீர்கள்.

தாயார் என்னைப் பார்க்க வந்தபோது கேட்ட ஒரு கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"ரீச்சர், உங்கட ஆக்கள் சீனிப்பாகு காய்ச்சி வச்சு முடி எடுப்பினமாம். அது பழைய காலத்து முறை, கிளியோபாட்ரா செய்ததெண்டு விளம்பரத்தில போடுறாங்கள். அது நல்லதோ, இது நல்லதோ?"

இதற்குள் மூன்று கேள்வி இருக்கிறது. எங்கட ஆக்கள் முறைதானா? கிளியோபாட்ரா செய்தாரா? எது நல்லது? வரலாறு படிப்பிக்கிறவள் என்றபடியால் நடுவில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30இல். அந்தக் காலத்து எகிப்தில் கரும்பு இல்லை. அலெக்சாந்தருடன் சிந்துப் பக்கம் வந்த தளபதி நியார்க்கஸ், தேனீ இல்லாமலே தேன் தருகிற நாணல் ஒன்று இந்தியாவில் இருப்பதாக ஆச்சரியப்பட்டு எழுதினார். கிளியோபாட்ராவுக்கு ஏறக்குறைய நூறு வருடம் பிந்திய கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் சீனியை இந்தியாவிலும் அரேபியாவிலும் நாணலில் கிடைக்கிற உறைந்த தேன் போன்ற பொருள் என்று எழுதினார். உரோமர்களுக்கு அது தூரத்திலிருந்து வருகிற மருந்துச் சாமான். எகிப்தின் நைல் கரையில் கரும்பு வேர்விட்டது 7ஆம் நூற்றாண்டில் அரபு முஸ்லிம்கள் அங்கு போன பிறகு. ஆகவே கிளியோபாட்ரா சட்டி நிறையச் சீனிப்பாகு காய்ச்சிக் கைகால் முடி எடுத்தார் என்பது விளம்பரக்காரர் கட்டிய கதை.

பழைய எகிப்தியர் உடல் முடியை எடுத்தது உண்மை. செம்பு, வெண்கலச் சவரக் கத்திகளும் சிறு இடுக்கிகளும் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. கோயில் பூசகர்கள் ஒன்றுவிட்ட ஒரு நாள் உடல் முழுவதும் மழிப்பார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆனால் அது கத்தி. சீனி அல்ல.

சீனியைவிடப் பழையது எது தெரியுமா? பிசின். வெக்ஸின் மூத்த உறவுக்காரர். உரோமர் மரப்பிசினையும் கீலையும் பூசி முடி பிடுங்கினார்கள். பொதுக் குளிப்பிடத்துக்கு மேல் மாடியில் குடியிருந்த செனெக்கா தன் கடிதம் ஒன்றில், அக்குள் முடி பிடுங்குகிறவன் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கத்துகிற சத்தத்தைப் பற்றிப் புறுபுறுக்கிறார். பிடுங்கும்போது மட்டும் அவன் சத்தம் நிற்குமாம், ஏனென்றால் அப்போது பிடுங்கப்படுகிறவன் கத்துவான்! இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய சலூன் இது.

ஆகவே "சீனி பழையது, இயற்கை; வெக்ஸ் புதியது, இரசாயனம்" என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். வரலாறு நேர் எதிர். பழையது என்பதால் மட்டும் ஒன்று நல்லதாகியும் விடாது. அதற்கு இன்னொரு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சுஸ்ருதர் பெயரால் வழங்குகிற வைத்திய நூலில் முடி உதிர்க்கச் சங்குச் சுண்ணமும் அரிதாரமும் கலந்த பூச்சு சொல்லப்படுகிறது. அரபு, பாரசீகக் குளிப்பிடங்களில் 'நூரா' என்று பயன்பட்டதும் கிட்டத்தட்ட இதே கலவை, சுண்ணாம்பும் அரிதாரமும். சுலைமான் நபியையும் சபா நாட்டு அரசியையும் பற்றிக் கதை சொன்ன பிற்கால உரைகாரர் சிலர், நூரா முதன்முதல் அந்த அரசிக்காகச் செய்யப்பட்டது என்பார்கள். குர்ஆனில் அந்தச் செய்தி இல்லை. அரசி பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து உடையை உயர்த்தியது மட்டும்தான் இருக்கிறது. சங்கு நம் கடற்பொருள், யாழ்ப்பாணக் கடலில் சங்கு குளித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதை வாசிப்பீர்கள். ஆனால் அரிதாரம் ஆர்சனிக் நஞ்சு. பழையது, இயற்கையானது, இரண்டு வைத்திய மரபிலும் இருந்தது, ஆனாலும் தோலில் வைக்கக் கூடாதது.

இனிச் சீனியின் கதை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்குகிற வித்தை இந்தியாவில் பிறந்தது. சர்க்கரை என்ற சொல்லுக்கு மூலமான வடசொல் பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆகி, ஐரோப்பாவுக்குப் போய் 'சுகர்' என்று இங்கே திரும்பி வந்தது. கற்கண்டில் இருக்கிற 'கண்டு' அங்கே 'கந்த்' ஆகி, 'கண்டி' என்ற இனிப்பாகப் பிள்ளைகளின் வாய்க்கு வந்து சேர்ந்தது. எகிப்தில் சீனி எவ்வளவு பெருகியது என்றால், 1040களில் கெய்ரோவுக்குப் போன பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரவ், பெருநாள் விருந்தில் சீனியால் செய்த ஒரு மரத்தையே பார்த்ததாக எழுதினார்.

சீனி மலிந்த வீட்டில்தான் அதைச் சாப்பாட்டைத் தவிர வேறு வேலைக்கும் காய்ச்சுவார்கள். அரபு நாட்டுப் பெண்கள் இந்தப் பாகை 'ஹலாவா' என்பார்கள். நாம் 'அல்வா' என்கிற அதே சொல்தான். இனிப்பு என்று பொருள். கல்யாணப் பெண்ணுக்கு மருதோன்றி போடுவதற்கு முன் பெண்கள் கூடி ஹலாவா வைப்பது அங்கே வழக்கம். இதிலும் அவசரப்பட்டு "ஆயிரம் வருட மரபு" என்று சொல்லிவிட வேண்டாம். 1830களில் கெய்ரோவில் வாழ்ந்து அந்த மக்களின் பழக்கவழக்கங்களை எழுதிய எட்வர்ட் லேன், பெண்கள் அதிகமாகப் பயன்படுத்துவது உருக்கிய ஒருவகைப் பிசின் என்றே குறிக்கிறார். அரபு வீட்டிலும் பிசின், பாகு இரண்டும் இருந்திருக்கின்றன.

அப்படியென்றால் "உங்கட ஆக்கள்" முறையா? என் உம்மம்மாவுக்கு இது தெரியாது. யாழ்ப்பாணச் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்தது மஞ்சளும் பயற்றமாவும்தான், உங்கள் அம்மம்மாமாருக்குத் தெரிந்த அதே சாமான். எனக்கு ஏழு வயதில், 1990 ஒக்டோபரில், வடக்கை விட்டு நாங்கள் வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன். அங்கேதான் முதன்முதல் இந்தப் பாகைப் பார்த்தேன். கொண்டு வந்தது என் சாச்சி. சவூதியில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டரை வருடம் கழித்துத் திரும்பியவர்.

1970களின் கடைசியிலிருந்து இலங்கைப் பெண்கள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் அமைந்தது. 1990களில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், அவர்களில் மிகப் பெரும் பங்கினர் வீட்டுப் பணிப்பெண்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் போனார்கள். அவர்கள் அனுப்பிய காசுக்கு மத்திய வங்கியில் கணக்கு உண்டு. அவர்கள் கற்று வந்த கைவேலைக்கு எங்கும் கணக்கு இல்லை. சாச்சி அந்த வீட்டு மேடம் ஆக்களுக்கு மாதா மாதம் பாகு காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். "முதல் மூண்டு சட்டியும் கருகிப் போச்சு, மேடம் சட்டியைத் தூக்கி எறிஞ்சா" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். பிறகு கையில் இருந்த அடையாளத்தைக் காட்டுவார். அது சிரிக்கிற அடையாளம் அல்ல.

நான் அறிந்தவரை இந்த முறை எங்கள் வீடுகளுக்கு வந்த வழி இதுதான். கொட்டிலில் வெக்ஸ் வாங்கக் காசு இல்லை. சலூனுக்குப் போக வழியில்லை. கொஞ்சம் சீனி, ஒரு தேசிக்காய், ஒரு பழைய சட்டி போதும்.

மார்க்கம் தொடர்பான ஒரு காரணமும் இருக்கிறது. நான் மௌலவி அல்ல, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அக்குள் முடி, தொப்புளுக்குக் கீழ் முடி இரண்டையும் நீக்குவதை நபி (ஸல்) அவர்கள் இயற்கை மரபுகளில் எண்ணினார்கள். நாற்பது நாளுக்கு மேல் விடக் கூடாது என்று அனஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பு உண்டு. இது ஆண்களுக்கும்தான், அதைச் சத்தமாகச் சொல்ல ஆள் குறைவு. புருவம் பிடுங்குவதற்குத் தடை இருக்கிறது. கைகால் முடிக்கு ஏவலும் இல்லை, விலக்கலும் இல்லை என்றே பல அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை இன்னொரு பெண்ணுக்குக்கூடக் காட்டக் கூடாது. தன் கையால், தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு செய்யக்கூடிய முறை எங்கள் பெண்களுக்குத் தோதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"உங்கட", "எங்கட" என்று பிரிக்கும்போது எனக்கு நயினாதீவுக் கல்வெட்டு ஞாபகம் வரும். 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு அரசன் தமிழில் வெட்டுவித்தது. ஊராத்துறைக்கு, அதாவது நம் ஊர்காவற்றுறைக்கு, பரதேசிகள் வந்து தங்க வேண்டும், அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. நாரந்தனையிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிற துறைக்கு எண்ணூறு வருடத்துக்கு முன்பே சட்டம் இப்படி இருந்திருக்கிறது. ஒரு சட்டிப் பாகு எந்த ஆக்களுடையது என்று இந்தத் தீவில் இருந்துகொண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?

சரி, எது நல்லது.

பாகில் நடக்கிற விடயத்தைத் தீவுப்பகுதி ஆக்களுக்கு விளங்கப்படுத்துவது சுகம். கருப்பணி இறக்கும் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். புளிக்காமல் இருக்க. புளித்தால் சீனி உடைந்து, பனங்கட்டி இறுகாது. முடி எடுக்கிற பாகில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். தேசிப்புளியை வேண்டுமென்றே விட்டுச் சீனியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைக்கிறோம். உடைந்தால்தான் கற்கண்டு மாதிரிப் பூக்காமல் மெழுகுபோல் இழுபடும். இரண்டு கப் சீனி, கால் கப் தேசிப்புளி, கால் கப் தண்ணீர், மெல்லிய நெருப்பு. தேன் நிறம் வந்ததும் ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் கையால் உருட்டக்கூடிய பதம் இருக்க வேண்டும். எள்ளுப்பாகு பிடிக்கத் தெரிந்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பனங்கட்டியில் முயன்றேன், சரிவரவில்லை. முதலே கறுப்பாக இருப்பதால் பதம் பார்க்க முடியவில்லை.

பாகை ஆறவிட்டு, முடி வளர்கிற திசைக்கு எதிராகப் பூசி, வளர்கிற திசையில் சுண்டி இழுப்பார்கள். வெக்ஸ் இதற்கு மறுவளம்: வளர்கிற திசையில் பூசி, துணியை எதிர்த்திசையில் இழுப்பது. பாகு தோலைவிட முடியைத்தான் அதிகம் பிடிக்கும், அதனால் தோல் உரிவது குறைவு. வெறும் தண்ணீரில் கழுவுப்படும். வெக்ஸைப் போக்க எண்ணெய் வேண்டும், பிறகு அந்த எண்ணெயைப் போக்கச் சவர்க்காரமும் தண்ணீரும் வேண்டும். நன்னீருக்குக் குடம் தூக்குகிற தீவில் இது சின்ன விடயம் இல்லை.

வெக்ஸுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். நம் வெயிலிலும் கடற்காற்றிலும் பாகு ஈரத்தை இழுத்து இளகிவிடும். வியர்த்த கையில் அது ஒட்டவே ஒட்டாது. காலமையில், கையைத் துடைத்துக் கொஞ்சம் பவுடர் போட்டுத்தான் செய்யலாம். பழகாத கைக்கு ஒரு கால் எடுக்கவே ஒரு மணித்தியாலம். வெக்ஸ், தெரிந்தவர் கையில், கால் மணித்தியாலம். நல்ல சலூனில் சூடு பார்த்துச் செய்தால் அதில் தவறில்லை. ஆனால் பல வெக்ஸ்களில் பைன் மரப்பிசின் இருக்கிறது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் போட்டால் சிவந்து கடிக்கிற தோல் உள்ளவர்கள் கவனம், அந்த ஒவ்வாமை இதிலும் வரலாம். மெழுகுதிரியை உருக்கி முயல்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது முடியைப் பிடிக்காது, தோலை மட்டும் சுடும்.

சூடு விடயத்தில் பாகையும் நம்பக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கும்போது அது கொதிதண்ணீரைவிடச் சூடு, ஒட்டிக்கொண்டால் உதறவும் முடியாது. சாச்சியின் கை அதற்குச் சாட்சி. சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்து, இளஞ்சூடு என்றால் மட்டும். நீரிழிவு உள்ளவர்கள், பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் குளிசை எடுப்பவர்கள் இரண்டு முறையையும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. நாடியிலும் மேலுதட்டிலும் முடி தடிப்பாக வளர்ந்து, மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் வருகிற பிள்ளை என்றால், சீனியும் வேண்டாம் வெக்ஸும் வேண்டாம், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அது ஹோர்மோன் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், மருந்து இருக்கிறது. மறைத்து மறைத்து வைத்திருந்து கல்யாணத்துக்குப் பிறகு அழுத பெண்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் தாயாரிடம் சொன்னேன். எடுக்கத்தான் வேண்டுமா என்பதையும் பிள்ளையிடம் கேளுங்கள் என்று. 1915இல் ஜில்லெட் கம்பனி பெண்களுக்கென்று ஒரு சவரக் கருவியை விற்கத் தொடங்கியது. கையில்லாத சட்டை வந்த அதே காலத்தில், அமெரிக்கப் பெண்கள் பத்திரிகைகளில் அக்குள் முடி அசிங்கம் என்று விளம்பரங்கள் வந்தன. அதற்கு முன் அந்த நாட்டில் பெரும்பாலான பெண்கள் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. 1942இல் யுத்தத்தால் நைலோன் காலுறை கிடைக்காமல் போக, கால் முடியும் பட்டியலில் சேர்ந்தது. ஒரு சாமான் விற்க வேண்டுமென்றால் முதலில் அதற்கேற்ற வெட்கத்தை விற்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் முழுக்கை போட்டு மூடிக்கொண்டு போகிறார்கள், அவர்களுக்குள்ளும் இந்த வெட்கம் வந்துவிட்டது, நான் வகுப்பில் பார்க்கிறேன். பட்டம் வைத்த பெடியன்களோடு அதிபர் தனியாகப் பேசினார். அவர்களின் அம்மாமாரும் இதை வாசித்துக்கொண்டு இருப்பீர்கள்.

காயம் இப்போது ஆறிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். காய்ச்சிக் காட்டச் சொன்னார்கள், பிள்ளைக்கு இல்லை, தாய்க்கு! கதைத்துக்கொண்டு நின்றதில் எனக்குப் பதம் தவறிவிட்டது. பாகு கல்லாக இறுகிவிட்டது. தட்டில் ஊற்றி ஆறவிட்டு, அந்தப் பிள்ளையும் என் மகளும் அம்மிக் குழவியால் உடைத்து, தேசிப்புளி டொபி நல்லாயிருக்கு என்று முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்கள். வருகிற ஞாயிறு திரும்பக் காய்ச்சுவோம். ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சீனியை அவரவர் கொண்டு வரவும்.